குறுக்குக் காற்றில் ஒரு வைரஸ்

நோவி சாத் நகர ஆய்வகத்தின் உறைபெட்டி ஈஸ்டர் விடுமுறையில் மூன்று நாள் மின்சாரமில்லாமல் கிடந்தது. திறந்தபோது குப்பிகளெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றில் ஒன்று டாக்டர் விதோசவாவின் ஹெர்பிஸ் வைரஸ். முப்பது வருடங்களுக்கு முன் தன் கீழுதட்டுக் கொப்புளத்திலிருந்தே ஒற்றியெடுத்து அவள் வளர்த்தது.

நம் மரபணுக்களுக்குள் லட்சக்கணக்கான வருடங்களாகத் தூங்கும் ரெட்ரோவைரஸ்களை அந்த ஹெர்பிஸ் உசுப்பிவிடுகிறது என்பது அவளுடைய கடைசி ஆய்வுக் கட்டுரை. ஜூன் முடிவதற்குள் மூல வைரஸை அனுப்பினால்தான் வெளியிடுவோம் என்று ஆய்விதழ் சொல்லியிருந்தது. செப்டம்பரில் அவளுக்கு ஓய்வு.

"முப்பது வருஷ உழைப்பும் போச்சே புரொபசர்" என்றாள் உடன் வேலை செய்யும் நெவேனா.

"எங்க போச்சு? இங்கதான் இருக்கு." விதோசவா தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினாள். ஹெர்பிஸ் ஒருமுறை நுழைந்தால் முகத்து நரம்பில் பதுங்கிக்கொள்ளும். மனம் நொந்தால், உடம்பு அசந்தால், வெயிலில் காய்ந்தால், உதட்டில் வந்து நிற்கும்.

சிக்கல் என்னவென்றால் அவள் மனம் நோவதாக இல்லை. விவாகரத்து பழைய கதையாகிவிட்டது, மகளும் வியன்னாவில் நன்றாக இருந்தாள். தன்யூப் ஆற்றங்கரையில் நண்பகல் வெயிலில் தொப்பியில்லாமல் படுத்துப் பார்த்தாள், மூக்குதான் உரிந்தது. எரிச்சலூட்டுவதற்காக நெவேனா மூன்று அறிக்கைகளைத் தொலைத்தாள். "போனாப் போகுது, விடும்மா" என்றாள் விதோசவா.

மே கடைசியில், பல் துலக்கும்போது உதடு குறுகுறுத்தது. முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் கொப்புளக் களிம்பை எடுத்துத் தடவிவிட்டது. ஆய்வகம் வந்து சேர்வதற்குள் உதடு குழந்தையின் உதடுபோல் இருந்தது. நெவேனா கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அதன் பிறகுதான் விதோசவா ஆய்வகத்தின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துபோட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த ஊரில் பல்வலியோ முதுகுப் பிடிப்போ உதட்டுக் கொப்புளமோ, எது வந்தாலும் குறுக்குக் காற்றின் மேல்தான் பழி. அது சுத்தப் பொய் என்பதுதான் மாணவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம்.

"டாக்டரம்மா, சாகணும்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று வாசல் காவலுக்கு இருக்கும் ஸ்தமெனா ஒருநாளைக்கு நாலு முறை ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள். நாலு முறையும் நெவேனா திறந்தாள்.

மேல் மாடியில் ரெட்ரோவைரஸ் ஆராயும் திஹோமிர் தினமும் காப்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வான்.

"என்னோட ரெட்ரோவைரஸைத் தொடாதேன்னு அப்பவே சொன்னேன். அது ஜீனுக்குள்ள பட்டா போட்டு உக்காந்திருக்கு. உன்னோடது பாரு, கூப்பிட்டாக்கூட வரமாட்டேங்குது."

"வாயை மூடு. காத்தை மறைக்காதே."

பதினெட்டு நாள் இப்படிப் போனது. பத்தொன்பதாம் நாள் திஹோமிர் ஜூன் வெயிலில் வாயைச் சுற்றிக் கம்பளித் துண்டு கட்டிக்கொண்டு வந்தான்.

"பல்லுவலி."

"இறக்கு துண்டை."

மேலுதட்டில் கொப்புளங்கள் திராட்சைக் கொத்துபோல் தொங்கின.

"எனக்கு இந்தக் கருமமே கிடையாதுன்னு முப்பது வருஷமா பீத்திக்கிட்டியே!"

"நீ குடுத்ததுதான்" என்றான் அவன், தரையைப் பார்த்து. "நம்ம நாட்டு மேல பொருளாதாரத் தடை போட்டிருந்த வருஷம். லேப்ல உடையாம இருந்தது ஒரே கிளாஸ். பிளம் சாராயத்தை நீ பாதி, நான் பாதி. உனக்கு அப்போ உதட்டுல..."

விதோசவா அவனைப் பேச விடவில்லை. பஞ்சுக்குச்சியால் ஒற்றினாள். அந்த வைரஸின் மரபணு வரிசையைப் பழைய குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததோடு நெவேனா ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

"கட்டுரையில என் பேரு வரணும்" என்றான் திஹோமிர்.

"வரும். 'நோயாளி தி.'"

செய்தி மதியத்துக்குள் கட்டிடம் முழுக்கப் பரவியது.

"கிளாஸ் வழியாவா டாக்டரம்மா?" என்றாள் ஸ்தமெனா.

"கிளாஸ் வழியாத்தான்!"

"நான் வேற எதாவது சொன்னேனா? கிளாஸ்தான்."

ஜூன் இருபத்தெட்டாம் தேதி குப்பி கிளம்பத் தயாரானது. கூடவே அனுப்பவேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: வைரஸ் எதனால் விழித்தது? நெவேனா தட்டச்சுப் பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தாள்.

"குறுக்குக் காத்துன்னு போடு" என்றான் திஹோமிர், உதட்டில் களிம்போடு.

விதோசவா திறந்துகிடந்த இரண்டு ஜன்னல்களையும் பார்த்தாள்.

"காரணம் தெரியவில்லைன்னு எழுதும்மா" என்றாள். பிறகு எழுந்துபோய் ஒரு ஜன்னலைச் சாத்தினாள்.