ஓடிப்போனவனின் அடையாளம்

"'ஓடிப்போனாள். பெயர் ஸைனம்பு மாமி. மூக்கில் மரு. தும்மினால் கொட்டாஞ்சேனை முழுக்க எழும்பும்.'"

பலீலா வாசிக்க, வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அருள்நாயகி டீச்சரும் சிரித்தாள். நேற்று ஒருத்தியும் சிரிக்கவில்லை. நேற்று டீச்சர் வாசித்துக் காட்டியது நிஜ விளம்பரம். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வீட்டுப் பரணில் கண்டெடுத்த பழைய அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. 'ஓடிப்போனான், அடிமை ஐசக். முதுகில் சவுக்குத் தழும்பு. கதைக்கும்போது நிலத்தைப் பார்ப்பான். பிடித்துத் தந்தால் சன்மானம்.' எழுதியவன் எசமான். மனுசனை அவன் எந்தக் கண்ணால் பார்த்தான் என்பது பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டும். அதற்காகத்தான், தெரிந்த ஒருவரை அதே மாதிரி எழுதிவரச் சொல்லியிருந்தாள்.

அடுத்து மீனாள் எழும்பினாள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டின் மகள். கெட்டிக்காரி.

"'ஓடிப்போனான். பெயர் தெரியாது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. கழுத்தில் தீக்காயம். மத்தியானம் சோற்று அடுக்குச் சட்டியோடு பள்ளிக்கூட வாசலுக்கு வருவான்.'"

"யா அல்லா, டீச்சர்ட மாப்புள!" பலீலா கத்தினாள். மறுபடியும் சிரிப்பு.

டீச்சர் மீனாளிடம் நடந்தாள். அந்த விரல்களைக் கொச்சிக்கடைத் துறைமுகத்தில் கப்பல் கயிறு தின்றது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தாள். தின்றது மலைநாட்டுத் தேயிலை மெஷின். துரை எழுதித் தரும் விடுதலைத் துண்டுச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடி வந்தவன் அவள் புருஷன் வீரபத்திரன். அப்போதைய சட்டத்தில் பிடிபட்டால் ஜெயில். பிறகு அதே துரை, அதே லயத்து வீடு.

"நல்லா எழுதியிருக்கிறீர். அதை இங்க தாரும் பிள்ளை." தாளை வாங்கி நாலாய் மடித்தாள். "வீட்டில அப்பாவுக்குக் காட்டினனீரோ?"

"அப்பச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன், டீச்சர். ரொம்ப நல்லாருக்குன்னாங்க. எத்தனை மணிக்கு வருவார்னு கேட்டாங்க."

மத்தியான மணி அடித்தது.

டீச்சர் ஜன்னலுக்கு ஓடினாள். வாசலில் கறுப்புக் கோட்டோடு மீனாளின் அப்பா, பக்கத்தில் பொலிஸ்காரன். போகிற வருகிறவர்களின் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்கள்.

தெருமுனையில் வீரபத்திரன் திரும்பினான். வலது கையில் அடுக்குச் சட்டி, இடது கை வேட்டி மடிப்புக்குள். சட்டியை அவளிடம் நீட்டும்போது மட்டும்தான் அந்தக் கை வெளியே வரும். போ, திரும்பிப் போ என்று அவள் இரண்டு கையையும் வீசினாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளில் அவள் நாலு பேர் பார்க்க அவனுக்குக் கையசைத்ததே இல்லை. முகமெல்லாம் மலர்ந்தது. மடிப்புக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, மூன்று விரலையும் விரித்து, உயர ஆட்டினான்.