குங்குமம் பூசிய தேசிக்காய்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு பனி மாரியில், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில் ஷாமினி என்ற சிறுமிக்கு வலிப்பு வந்தது. அதே கிழமை அவள் வீட்டு வாசலில் குங்குமம் பூசிய தேசிக்காய் ஒன்று கிடந்தது.

ஜெபக் கூட்டத்தில் போதகர் அருள்நேசன் அதைத் தூக்கிக் காட்டினார். "இது சூனியம். செய்த ஆள் இந்த மாடியிலதான் இருக்கிறா."

அந்த மாடியில் சைவக் கோயிலுக்குப் போகிறவள், ஷாமினியின் பக்கத்து வீட்டுப் பேபி ஒருத்திதான். பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

அது கோயிலில் பூசைக்கு வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழம், பேபியின் பையிலிருந்து உருண்டு விழுந்திருக்கும் என்று போதகருக்கு அப்போதே தெரியும். ஞானஸ்நானம் எடுக்குமுன் அவரும் அப்படி எத்தனையோ பழங்களைக் கையேந்தி வாங்கியவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவருடைய கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் சனம் நிறைந்திருந்தது.

அதன்பிறகு பேபியோடு ஒருவரும் லிஃப்ற்றில் ஏறவில்லை. டொக்டர் கொடுத்த குளிசையில் ஷாமினியின் வலிப்பு நின்றது. பாஸ்ரரின் ஜெபத்துக்குச் சூனியக்காரி தோற்றுப்போனாள் என்றார்கள். அதையும் போதகர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசியில், கீழே போகிற லிஃப்ற்றின் கதவு திறந்தபோது, உள்ளே பேபி சூட்கேசுகளோடு நின்றாள். போதகருக்குப் பின்னால் சபையார் சிலர். ஒன்றும் பேச வேண்டாம், ஏறி அவள் பக்கத்தில் நின்றாலே போதும்.

"வாங்கோ பாஸ்ரர், இடம் இருக்கு," என்றாள் பேபி.

அந்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது அவருக்கு. "நீங்கள் போங்கோ. நான் அடுத்ததில வாறன்."

கதவு மூடியது.

"பாத்தியளோ," என்றது பின்னால் ஒரு குரல். "பாஸ்ரரே ஏறேல்லை."