சுற்றமும் நட்பும் சூழ ஒரு கருத்தரங்கு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் மோகனா, பழைய கணக்கை வைத்து நாளை நடப்பதைச் சொல்லும் வித்தையைப் பற்றி வலைப்பூ எழுதிவந்தாள். எத்தனை ஜோடி விற்கும், எத்தனை பேர் லீவு போடுவார்கள் என்று அவளுடைய கம்ப்யூட்டர் மாடல் முன்கூட்டியே சொல்லிவிடும். அதைப் படித்தவர்கள், வேலூர் சத்துவாச்சாரியில் நடக்கும் கருத்தரங்கில் பேச அவளை அழைத்தார்கள். மதியச் சாப்பாட்டை அவளுடைய கம்பெனி ஏற்றுக்கொண்டது.

மேலாளர் அப்துல் ஹமீத் ஒரு சோதனை வைத்தார். "எத்தினி பேர் சாப்பிடுவாங்கன்னு உன் மாடலே சொல்லட்டும்மா. சரியா வந்தா நம்ம கேன்டீன் உன் கையில. இல்லன்னா பழையபடி குத்துமதிப்புதான்."

மாடல் எண்பது என்றது. எண்பது பேருக்குப் பிரியாணி சொல்லியாயிற்று.

ஞாயிறு காலை, மண்டப வாசலில் கம்பெனியின் மாதனூர் பஸ் வந்து நின்றது. ஷூ தைக்கும் பெண்கள் பட்டுப்புடவையில் இறங்கினார்கள். பின்னால் கணவர்கள், மாமியார்கள், பிள்ளைகள். டிரைவர் வேலு கையில் ஜிகினாத் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம்.

"இன்னாண்ணே இது?"

"நீதானம்மா கூப்ட்ட? கம்பெனி குரூப்புல எல்லாருக்கும் அனுப்பினேன்." போனில் அவளுடைய வலைப்பூவைக் காட்டினார். கருத்தரங்கு பற்றிய பதிவின் கடைசி வரி: 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்.'

மோகனா தலையில் கைவைத்தாள். அழைப்பு என்றால் அப்படித்தான் முடிய வேண்டும் என்று விரல்கள் தாமாகவே எழுதியிருந்தன. ஜலகண்டேஸ்வரா, எண்பது சாப்பாடு! அதற்குள் குடியாத்தம் பஸ்ஸும் உள்ளே திரும்பியது.

தையல் பிரிவு சவுரியம்மாள் அவள் கன்னத்தை வழித்தாள். "மாப்ள எங்க கண்ணு?"

"மாப்ள இல்லக்கா. வரைபடம்தான்."

"சரி, அதையாவது காட்டு."

திரையில் ஒவ்வொரு கோடு ஏறும்போதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். இறங்கினாலும் தட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்த நிபுணர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு அவர்களும் தட்டினார்கள். மோகனாவின் மனமோ பிரியாணி அண்டாவிலேயே இருந்தது. கேன்டீன் போனது போனதுதான். ஆனால் வந்தவர்கள் பசியோடு போகக்கூடாது. மைக்கிலேயே சொல்லிவிட்டாள்: "எண்பது பேர்னு என் மாடல் சொல்லிச்சு. தப்பு. பிரியாணி கம்மியாதான் இருக்கு. எல்லாரும் மன்னிச்சுடுங்க."

சவுரியம்மாள் எழுந்தாள். "இதுக்கா மொகம் வாடிப்போச்சு? பசங்கள கூட்டினு வெளிய வந்தா வெறுங்கையோடயா வருவோம்?"

பஸ் சீட்டுகளுக்கு அடியிலிருந்து தூக்குகள் புறப்பட்டன. புளிச்சோறு, எலுமிச்சைச் சாதம், அவித்த முட்டை, முறுக்கு. ஒரு மாமியார் பெங்களூர் நிபுணரின் பிரியாணியில் பாதியை எடுத்துப் பக்கத்துக் குழந்தைக்கு வைத்து, அந்த இடத்தில் புளிச்சோற்றைக் கொட்டினாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்துல் ஹமீத் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பரிமாறினார். எல்லோரும் உண்டு மீந்தது மண்டப வாட்ச்மேன் வீட்டுக்கும் போயிற்று.

"உன் மாடல் தோத்துடுச்சும்மா," என்றார் ஹமீத் கை கழுவியபடி.

"ஆமா சார்."

"ஆனா தப்ப மறைக்காம சொன்ன பாரு, அந்தக் கைல கேன்டீன குடுக்கலாம். ஒரே கண்டிஷன். மாடல் எவ்ளோ சொன்னாலும் பத்து தட்டு ஜாஸ்தி போடு. சொல்லாம வர்ற விருந்தாளிய அல்லாதான் அனுப்புறான்."

மோகனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதுவரை கடிகாரத்தைக் கீழே வைக்காமலே நின்றிருந்த வேலு கேட்டார்:

"அப்போ இத கேன்டீன்லயே மாட்டிடலாமா சார்?"