கோரைக்கு ஒரு பலகை

சதுப்பு நிலக் காப்பகத்தின் நடைபாதையை நாள்தோறும் ஒரு முறை முழுவதுமாகச் சுற்றி வருவது அந்தப் பெண் காவலரின் வேலை. ஈரம் ஊறிய காலணியைச் சேறு பிடித்து இழுக்கும். முழங்கால் அடிக்கொரு தரம் தன் இருப்பைத் தெரிவிக்கும். கடைசித் திருப்பத்தில், பாதையை விட்டுச் சற்று உள்ளே, போர்வை விரித்தாற்போல் ஓரிடத்தில் மட்டும் ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. காப்பகத்தில் வேறெங்கும் அவை இல்லை. அவற்றின் அருகே சற்றுக் குந்தியிருந்துவிட்டுப் போவதே அவளுக்கு அன்றாடம் வாய்த்த ஒரே ஓய்வு.

அந்தப் பூக்களைப் படமெடுக்க வந்தவர்கள் மிதித்ததில் பாதிச் செடிகள் சேற்றோடு சேறாயின. மிச்சமிருப்பவை விதைவிடும் வரை பிழைக்காவிட்டால் அடுத்த பருவத்தில் பூ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, ‘அரிய பூக்கள், மிதிக்காதீர்கள்’ என்று ஒரு பலகை எழுதித் தரும்படி கொழுந்தனைக் கேட்டாள். அவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். எழுத்து தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது.

பலகை நட்டபின் கூட்டம் இரட்டித்தது. இன்னும் பெரிதாக ஒன்று வேண்டும் என்றாள். கொழுந்தன் நேரில் வந்து, பலகையையும் அதைச் சுற்றியிருந்த காலடிகளையும் பார்த்தான்.

“அண்ணி, நான் போர்டு எழுதுறதே ஆளைக் கூப்பிடத்தான். வராதேன்னு எழுதினாலும் வரத்தான் செய்வாங்க.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலையே. கேட்டிருந்தாலும் அண்ணன் மாதிரி சரி சரின்னு தலையாட்டியிருப்பேன்.”

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இருவருமாகப் பலகையைப் பிடுங்கி, சதுப்பின் மறுகோடியில், கோரையும் சேறும் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் இருக்கையின் பக்கத்தில் நட்டார்கள்.

மறுநாள் முதல் கூட்டம் அங்கே கூடியது. கோரையின் பழுப்புக் கதிர்களைக் குனிந்து குனிந்து படமெடுத்தார்கள். இதுதான் அந்த அரிய பூவா என்று ஓர் அம்மாள் கேட்டார்.

“ஆமாம்மா. இன்னும் சரியா விரியல.”

சீருடையில் சொன்ன முதல் பொய். நினைத்ததைவிட எளிதாகவே வந்தது.

மாலையில் கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. உள்ளே போகக் காலெடுத்தவள் நின்றாள். புல்லின் நடுவே ஒற்றையடித் தடம் ஒன்று பூக்கள் வரை நேராக ஓடியது. பலகைக்கும் கூட்டத்துக்கும் முன்பே அது இருந்தது. தினமும் உட்காரப் போய்ப் போய் அவளே போட்ட தடம். வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலில் வந்திருப்பார்கள். புல் நிமிர வேண்டுமானால் இனி யாரும் நடக்கக் கூடாது.

முழங்கால் கெஞ்சியது. திரும்பி, வந்த வழியே மறுகோடிக்கு நடந்தாள். கோரையைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இருக்கையில் ஒதுங்கி இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, உள்ளிருந்த நீரைக் கொட்டினாள்.