முப்பது மீட்டரில் நின்ற பட்டை

கோவாவின் மார்மகோவா துறைமுகத்திலிருந்து கிளம்பி நான்கு நாளாகியிருந்தது. எங்கள் கப்பலின் அடியில் ஒரு கருவி உண்டு. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அரிசிமணி அளவுகூட இல்லாத பூச்சி இறால் கூட்டத்தில் பட்டு ஒலி திரும்பும். கூட்டம் கிடக்கும் ஆழத்தில் திரையில் ஒரு பட்டை விழும். பகலில் முந்நூறு மீட்டரில் கிடக்கிற பட்டை, பொழுது சாயச் சாய மேலே ஏறி வந்துவிடும்.

இந்தத் தடவை முப்பது மீட்டரில் நின்றுவிட்டது. மூன்று மாலையும் அப்படியே.

ஆராய்ச்சி செய்ய வந்த சுலக்‌ஷா மேடத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இனாஸ்பாப், இத யாருமே பார்த்ததில்ல! இன்னிக்கு ராத்திரி எங்க சாருக்கு எழுதி அனுப்பிடுவேன். என் பட்டமே இதுலதான் இருக்கு," என்றார் என்னிடம், மத்தியானச் சாப்பாட்டில். கணவாய்க் குழம்பை மறுபடி வாங்கிக்கொண்டார். "ஆமா, தினமும் இவ்வளவு கணவாய் ஏது?"

சமையல்காரன் பொஸ்தியாவ் என்னைப் பார்த்தான். நான் சோற்றைப் பார்த்தேன்.

இருட்டத் தொடங்கியதும் கப்பல் பக்கவாட்டில் பெரிய விளக்கைத் தொங்கவிட்டுத் தூண்டில் போடுகிறவன் நான்தான். கணவாய் வெளிச்சத்துக்கு வரும். பூச்சி இறால் வெளிச்சத்தைக் கண்டால் இறங்கிவிடும். இருபது வருஷம் வலை இழுத்தவனுக்குத் தெரியாததில்லை. அவர் கேட்கும் வரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

"வாயத் தொறக்காத," என்றான் பொஸ்தியாவ். "பொண்ணு எவ்வளவு சந்தோஷமா இருக்கு."

"நாளைக்கு நாலு பேர் அவங்க எழுதுனதப் பார்த்துச் சிரிச்சா?"

"நாளைக்குக் கணவாய் இல்லேன்னா எல்லாரும் என்னத் திட்டுவாங்கடா!"

அன்று மாலை மேடத்தைத் திரை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, வாக்கிடாக்கியோடு விளக்கடியில் நின்றேன். பட்டை முப்பதில் நின்றுவிட்டது என்று அவர் சொன்னதும் விளக்கை அணைத்தேன்.

"ஐயோ, ஏறுது!"

போட்டேன்.

"இறங்குது... இனாஸ்பாப், அங்க என்ன பண்றீங்க?"

சொன்னேன்.

"அப்ப மூணு நாளா நான் ஆராய்ஞ்சது உங்க விளக்கையா?"

"ஆமா மேடம். கணவாயத் தின்னதுல உங்களுக்கும் பங்கு இருக்கு."

வாக்கிடாக்கி கரகரத்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு. பிறகு குரல் மாறியது.

"விளக்கு போட்டு எத்தனை நிமிஷத்துல, எவ்வளவு ஆழம் இறங்குது? யோசிச்சுப் பாருங்க, எத்தனை கப்பல் விளக்கு எரிய நின்னுட்டே அளக்குது! அந்த அளவெல்லாம் தப்புதானே? எழுத வேண்டியது இதுதான். அணைங்க. நான் சொன்னதும் போடுங்க."

எட்டாம் தடவை அணைத்தபோது கால் கடுத்தது.

"இன்னும் எத்தனை தடவை மேடம்?"

"மூணு நாளக் கெடுத்தீங்கல்ல? மூணு நாளும் நில்லுங்க. ம்... போடுங்க!"