அடுத்த வாரம் மறுப்பு

நம்பாத பக்கத்தைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் சட்டம். சட்டம் போட்டவர் ராயப்பராஜ், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "நம்புறத எவன் வேணாலும் எழுதிருவான். நம்பாதத எழுதிப் பாரு, அப்பத்தான் மூளை வேல செய்யும்" என்பார். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. எதையும் எழுதிவிடலாம், எதற்கும் பொறுப்பில்லை என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

மன்றம் என்றால் மூன்றே பேர். ராயப்பராஜ், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கிதர் முகம்மது, அச்சுக்கூடத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்த நான். என் பெயர் பாஸ்கல். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை மாடியில் கூடுவோம். அந்த வாரத்துப் பேப்பர்களைத் தரையில் விரித்து, ஊர் பேச வேண்டிய விஷயங்களைக் கத்தரித்து வரிசையாக வைப்போம். தங்கக் கட்டுப்பாடு ஒன்று, நில உச்சவரம்பு ஒன்று, ராக்கெட் விடுவது வீண்செலவா என்று ஒன்று. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. எது முக்கியமோ அந்தத் துண்டின் மேல் வைக்க வேண்டும். அதிகம் கொட்டை விழுந்ததுதான் அடுத்த வழக்கு. கொட்டைகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு மூடி வைப்போம். அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழக்கை ஆதரித்து எழுதுவது ஒட்டி, எதிர்த்து எழுதுவது வெட்டி. எழுதி முடித்ததைப் பஸ் ஏறிப் போய் ஊர்களில் வாசிப்போம். சந்தைக்கு வந்த சனம் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் உட்கார்ந்து கேட்காது. அதனால் ஒரு வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம். இதுவும் ராயப்பராஜின் சட்டம்தான். முதல் பக்கத்தை வாசித்தவன் 'அடுத்த வாரம் மறுப்பு' என்று சொல்லிவிட்டுத்தான் பெஞ்சை விட்டு இறங்க வேண்டும். நடுவில் ஏழு நாள் ஊர் அதையே பேசிக்கொண்டிருக்கும் என்று மூன்று பேரும் பெருமைப்பட்டோம். அந்த ஏழு நாளில் யாராவது அதன்படி நடந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் பாருங்கள், அதனால் தோன்றவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஏழு கொட்டை விழுந்த துண்டு இது: அம்மை குத்துவதைக் கட்டாயம் ஆக்கலாமா? சர்க்கார் கட்டாயம் என்றாலே ராயப்பராஜுக்குக் கசக்கும். ஆகவே அவருக்கு ஒட்டி. எனக்கு அதில் மறுபேச்சே இல்லை. என் இரண்டு பெண்களுக்கும் முந்தின மாதம்தான் குத்தியிருந்தேன். ஆகவே எனக்கு வெட்டி.

சொன்னால் வெட்கம். நான் நன்றாக எழுதினேன். அம்மன் பெயரை இழுக்கவில்லை, அது மட்டமான வேலை என்று பட்டது. காய்ச்சலைப் பிடித்துக்கொண்டேன். என் சின்னவளுக்குக் குத்திய அன்று சாயங்காலம் உடம்பு கொதித்ததும், என் மனைவி அன்னாள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்ததும் கண்முன் இருந்தது. அதை வைத்து எழுதினேன். 'குத்திய கையோடு பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதே, அது என்றைக்கு இறங்கும் என்று எந்தச் சர்க்கார் எழுதிக் கொடுக்கும்?' என்று முடித்தேன். எழுதிவிட்டு, கண்ணாடி முன் நின்று நானே நாலு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். என் பெண்ணின் காய்ச்சல் என்றைக்கு இறங்கியது என்று எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை. அது மறுப்பில் வர வேண்டியது, என் வேலை இல்லை.

சித்தையன்கோட்டைச் சந்தைக்கு நான்தான் போனேன். டீக்கடை வாசலில் பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு மாதிரி சனம் அதற்கு முன்னால் எனக்குக் கூடியதில்லை. கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை, ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரியை நான் வாசித்தபோது அந்தப் பெண் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்து, சந்தோஷப்பட்டேன். 'அடுத்த வாரம் மறுப்பு' என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் ராயப்பராஜின் ஒட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் முதல் பக்கத்தைப் பார்த்தேன். அம்மை குத்துகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார். மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது. இதை வாசித்தால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும் என்று மடித்து வைத்தேன். பெஞ்சில் ஏறியதும் டீக்கடைக்காரர், "போன வாரம் வாசிச்சதையே வாசிங்க சார், புது ஆளுக வந்திருக்காக" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. என்னுடையதையே இன்னொரு தடவை வாசித்தேன், போன வாரத்தைவிட ஏற்ற இறக்கத்தோடு. திண்டுக்கல் திரும்பி, "வாசிச்சாச்சா?" என்று ராயப்பராஜ் கேட்டபோது, "வாசிச்சாச்சு" என்றேன். அது பொய்யே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதை வாசித்தேன் என்று அவர் கேட்கவில்லை அல்லவா?

மூன்றாவது வாரம் மன்றம் தங்கக் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துண்டுகளை வரிசை வைத்துக்கொண்டிருக்கும்போது, மாடிப்படியின் மேல்படியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தலையில் முக்காடு, கையில் ஒன்றும் இல்லை. எங்களைப் பார்த்தபடி இருந்தாள். "யாரத்தா வேணும்?" என்று கிதர் கேட்டதற்கு, "சும்மா, நீங்க பாருங்க" என்றாள். நாங்கள் கொட்டை வைத்தோம். பேசி முடித்தோம். எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். கொட்டைகள் விழும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மேலும் கீழும் போகிற அந்த அசைவை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் முகம் கழுவக் கண்ணாடி முன் நின்றபோதுதான் புரிந்தது. அது என் வரி, அவள் அந்தக் கத்தரிக்காய்க் கூடைக்காரி. நான் எங்கே நிறுத்துவேனோ அங்கே அவள் நிறுத்தினாள்.

அவள் சித்தையன்கோட்டைக்காரி என்று மட்டும் கிதரிடம் சொன்னேன். தோல் ஷாப்பில் அந்த ஊர் ஆள் ஒருவர் இருந்தார். அவரிடம் விசாரித்துக்கொண்டு வந்து கிதர் சொன்னார்.

"அவ பேரு பேச்சாயி. ஒத்தப் பிள்ள, கருப்பம்மான்னு. மாசியில அம்மை குத்துறவுக வந்தப்ப, பிள்ளயத் தூக்கி வெறுங்குலுக்கைக்குள்ள விட்டு மூடிட்டாளாம். தானியம் போடுற குலுக்கை இருக்குல்ல, அதுக்குள்ள. வந்தவுக பிள்ள இல்லேன்னு எழுதிட்டுப் போயிட்டாக. பங்குனியில பெரியம்மை வந்துருச்சு. பதினோரு நாளு கெடந்துச்சாம்."

"அப்புறம்?" என்றார் ராயப்பராஜ்.

"அப்புறம் என்ன, பதினோரு நாளுதான்."

ராயப்பராஜ் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "நம்ம ரெண்டு பக்கத்தையும் வாசிச்சும் அவளுக்கு ஏறல பாரு" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். நான் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். கத்தரி என் கையில் இருந்தது, துண்டு எப்போதோ கீழே விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டி ஆகாமல் போயிற்று. கொட்டையைப் போட்டு மூடியை வைத்தால் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டைகள் உருண்டு அடங்குகிற சத்தம்தான், எனக்குத் தெரியும். அடங்கிய பிறகும் கேட்டது. ஒரு தடவை மூடியைத் திறந்தே வைத்தேன். ராயப்பராஜ் வந்து மூடினார். அச்சுக்கூடத்தில் பட்டப்பகலில், கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கும்போது, முகூர்த்த நேரத்துக்குக் கீழே 'என்றைக்கு இறங்கும்' என்று கண்ணுக்குத் தெரிந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். மணமகளின் ஊர்ப்பெயர்தான் இருந்தது. வீட்டில் சின்னவளைக் குளிப்பாட்டுகையில் அவள் தோளில் வட்டமாக இருந்த அந்த வடுவைப் பார்க்க முடியாமல், அன்னாளைக் கூப்பிட்டுத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன்.

ஒட்டி என் பையிலேயே இருந்தது. எரித்துவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்பங்கரை வரை போனேன். ஏன் எரிக்கவில்லை என்று கேட்டால் நல்ல காரணம் ஒன்றும் கிடையாது. பயந்தேன், அவ்வளவுதான்.

நாலாவது ஞாயிறு அவள் படியில் உட்காரவில்லை. நேரே உள்ளே வந்து, துண்டுகளுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"ஐயா, அடுத்த வாரம் மறுப்புன்னு சொன்னீக. அடுத்த வாரமும் வந்து உக்காந்தேன். அதையேதான் வாசிச்சீக. அதுக்கப்புறம் நீங்க வரவேயில்ல. அந்த மறுப்ப வாசிச்சுக் காட்டுவீகளா? அதக் கேக்கத்தான் வாரேன்."

ராயப்பராஜ் என் பக்கம் திரும்பினார். "ஏலே பாஸ்கல், வாசிச்சாச்சுன்னு சொன்னியே."

"அது... தாள் தொலஞ்சு போச்சு" என்றேன். என் பை என் முழங்காலுக்கு அருகில் இருந்தது. என்னை அறியாமல் கை அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கிதர் அந்தக் கையைப் பார்த்தார். ராயப்பராஜும் பார்த்தார். பேச்சாயி பார்க்கவில்லை, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொலஞ்சிருந்தா வேணாங்கய்யா. மனசுல இருந்தா சொல்லுங்க. அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீக. காச்சல் என்னைக்கு இறங்கும்னு எந்தச் சர்க்காரு எழுதிக் குடுக்கும்னு கேட்டீக. எனக்கும் அதுதான் பயம். எம் பிள்ள பொறந்ததுல இருந்து காச்சக்காரி. அதுக்குப் பதில் இருந்துச்சான்னு தெரியணும். பதில் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க, நான் போயிருவேன்."

அப்போது எனக்குப் புரிந்தது. பதில் இல்லை என்று கேட்கத்தான் அவள் அத்தனை பஸ் ஏறி வந்திருக்கிறாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நானும்தான். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பதிலை எழுதியவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ராயப்பராஜ் குனிந்து, என் கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பையிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பு கலையாமல் இருந்தது. அதைத் தானே வாசிப்பார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

"நீதான வாசிக்கேன்னு வாங்கிட்டுப் போன. வாசி."

வாசித்தேன். முதல் பக்கம் முழுக்க எந்த ஊரில் எத்தனை பேருக்கு அம்மை கண்டது என்றுதான் இருந்தது. பேச்சாயி அசையாமல் கேட்டாள். இரண்டாம் பக்கத்துக்கு நான் அதுவரை போனதே இல்லை. அதன் நடுவில், அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒரு வரி. 'குத்தியபின் காய்ச்சல் அடிக்கும். பெரும்பாலும் இரண்டு நாள். பிறகு இறங்கிவிடும். மூன்று வாரத்தில் பொருக்கு உதிரும்.' என் சின்னவளுக்கும் இரண்டு நாள்தான்.

"அத இன்னொரு தடவ வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். ஏற்ற இறக்கம் எதுவும் வரவில்லை.

அவள் இரண்டு விரலை நீட்டி, அவற்றையே பார்த்தாள். "ரெண்டு நாளா? நெசமாவா?" என்று என்னைக் கேட்டாள். ராயப்பராஜைக் கேட்டிருக்கலாம், எழுதியவர் அவர்தான். அவளுக்குத் தெரிந்த குரல் என்னுடையது.

"நெசந்தான். எம் பிள்ளைகளுக்கும் குத்துனேன். ரெண்டே நாள்ல எறங்கிருச்சு."

"எப்பக் குத்துனீக?"

பொய் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. "மார்கழியில. அத வாசிக்கிறதுக்கு முந்துன மாசம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையை நான் எப்போதோ மறந்திருப்பேன். நீட்டிய இரண்டு விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைச் சரிசெய்து எழுந்தாள்.

"ரெண்டு நாளுன்னா மடியிலயே வச்சுப் பாத்திருப்பேனே" என்றாள்.

படி இறங்குகிற சத்தம் கேட்டது. கிதர் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். ராயப்பராஜ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிவிட்டு, கொட்டைகளைப் பெட்டியில் போட்டார். மூடியை மட்டும் போடவில்லை, அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். பொழுது சாயும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.