மசாடாவில் மிஞ்சியவர்கள்

சந்தியோகு வாத்தியாருக்கு மசாடாக் கோட்டை என்றால் உயிர். குருநகரில் அவரிடம் சரித்திரம் படித்த எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. சாக்கடலோரப் பாலைவனத்தில் தனித்து நிற்கும் ஒரு மலை. உச்சியில் ஏரோது அரசன் கட்டிய கோட்டை. எருசலேம் தேவாலயம் எரிந்து விழுந்த பிறகும் பணியாத யூதர்கள் குடும்பங்களோடு அங்கே இருந்தார்கள். உரோமர்கள் மண்ணும் கல்லும் கொட்டி மலையோரம் சரிவுப் பாதை எழுப்பி மதிலை உடைத்தபோது, அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று உள்ளே இருந்தவர்கள் தங்கள் வீட்டாரையும் தங்களையும் மாய்த்துக்கொண்டார்கள். நூற்றாண்டுகள் பல கழித்து அந்தச் சனம் மறுபடி நாடு கண்டபோது, தன் படைவீரரை அதே மலையில் ஏற்றிச் சத்தியம் வாங்கியது. இந்த இடத்தில் வாத்தியாருக்குக் குரல் தழுதழுக்கும். அவர் மனைவி யசிந்தா குசினியில் சமைத்தபடி இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் ஊரைவிட்டுப் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. வாத்தியாருக்கு அப்போது பாரிசவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் தன் மீன் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவரோ கட்டிலைவிட்டு அசையவில்லை.

"நீ போ யசிந்தா. நான் இஞ்சையே கிடக்கிறன். மசாடாச் சனம் ஓடினதே?"

யசிந்தா அவருடைய சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓடேல்லைத்தான். ஆனா ரெண்டு பொம்பிளையள் அஞ்சு பிள்ளையளோடை நிலத்துக்குக் கீழை ஒளிச்சிருந்து தப்பினவை எண்டும் நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அவையும் செத்திருந்தா, உள்ளை நடந்ததை ஆர் வந்து சொல்லியிருப்பினம்?"

அந்தப் பெண்களை அவர் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவார்.

"எனக்கு உங்கடை வீரம் வேண்டாம், நீங்கள் வேணும்" என்றாள், அவர் முகத்தைப் பாராமல்.

வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வண்டில் மீன் மணக்குமே என்று முணுமுணுத்தார். யசிந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்ல பாயாகப் பார்த்து விரித்துவிடுகிறேன் என்றாள்.

நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியடித்தது. மழை வேறு. அடைக்கலநாதன் தள்ள, அவள் குடையை அவருக்கு மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். நெரிசலில் அவள் விலகிப் போய்விடாதபடி அவர் இடது கையால் அவள் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தபோது விடிந்திருந்தது. அடைக்கலநாதன் தேத்தண்ணி தேடிப் போனான். யசிந்தா சுவரோடு சாய்ந்து கால்களை நீட்டினாள். பாதம் இரண்டும் வீங்கிக் கொப்புளம் போட்டிருந்தன. படுத்திருந்த வாத்தியார் ஒரு பாதத்தை மெல்ல இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து, ஒற்றைக் கையால் பிடித்துவிடத் தொடங்கினார்.

"ஆக்கள் பாக்கினம்" என்றாள் அவள்.

"பாக்கட்டும்."

அவள் காலை எடுக்கவில்லை.